மகளுக்கு முதல் ஹாக்கி ஹெல்மெட்: அண்ணா மகனுடைய பழையது போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

#1 ஸ்காபரோ அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. போன குளிர்காலம் முழுக்க ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போனாள். இந்த செப்டம்பரில் யூ9 (ஒன்பது வயதுக்குட்பட்ட) பெண்கள் அணியில் சேர்த்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் அண்ணாவின் மகனைத் தவிர ஒருவரும் ஐஸ் ஹாக்கி ஆடியதில்லை. எனக்குக் கிரிக்கெட் ஹெல்மெட்டை விட்டால் வேறொன்றும் தெரியாது.

அண்ணா மகன் போட்ட ஹெல்மெட் கராஜில் கிடந்தது, முகத்தை மூடுகிற கம்பி வலை, அதுதான் கேஜ், அதுவும் இருக்கிறது. மீடியம் சைஸ். மகளுக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஆடுகிறது. "வளருகிற பிள்ளைதானே, அடுத்த வருடம் சரியாகிவிடும், அதுவரைக்கும் உள்ளே ஒரு கம்பளித் தொப்பி போட்டுவிடு" என்று அண்ணா சொல்கிறார். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கடைக்குப் போனால் 90 டாலருக்கும் இருக்கிறது, 350 டாலருக்கும் இருக்கிறது. ஸ்கேட், உடம்புக் காப்புப் பேட், கம்பு என்று ஏற்கெனவே நிறையச் செலவாகிவிட்டது.

பழையதையே போடலாமா? புதிதுதான் என்றால் எந்த விலையில்? எப்படிப் பொருத்துவது? முதல் பயிற்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

#2 நிலாவின் அம்மா

கம்பளித் தொப்பி மட்டும் வேண்டாம், தயவுசெய்து. தலைக்கும் ஃபோமுக்கும் நடுவில் வழுக்குகிற துணி இருந்தால் ஹெல்மெட் எப்படி நிற்கும்? குளிர் பொறுக்காவிட்டால் உடம்போடு ஒட்டுகிற மெல்லிய ஸ்கல் கேப் போடலாம். அதுவும் அதைப் போட்டபடியே ஹெல்மெட்டை அளந்திருக்க வேண்டும்.

#3 மார்க்கம் ட்ரெய்னர்

தம்பி, ஆறு வருடமாகப் பிள்ளைகள் அணிகளுக்கு ட்ரெய்னராக இருக்கிறேன். அடிபட்டால் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். வாங்குவதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பழையதை வெளிச்சத்தில் வைத்து ஒருக்கா நன்றாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பின்பக்கத்தில் சி.எஸ்.ஏ. என்கிற கனடாத் தரச் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா? கனடாவில் அது இல்லாத ஹாக்கி ஹெல்மெட்டை விற்கவே கூடாது. பிள்ளைகள் ஆடுவதற்கு ஹெல்மெட், கேஜ் இரண்டிலுமே அது தனித்தனியாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே அமெரிக்காவின் எச்.இ.சி.சி. சான்று ஸ்டிக்கரும் இருக்கலாம். அதில் காலாவதித் தேதி போட்டிருப்பார்கள், செய்த நாளிலிருந்து ஆறரை வருடம். சி.எஸ்.ஏ. அப்படித் தேதி எதுவும் போடுவதில்லை. ஆனாலும் ஒரு பொருளின் வயதை அறிய அந்த அமெரிக்க ஸ்டிக்கரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்து உள்ளே இருக்கிற ஃபோமைப் பெருவிரலால் அழுத்துங்கள். வி.என். ஃபோம் என்கிற மெத்தென்ற வகை என்றால் அமுங்கி, மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். ஈ.பி.பி. என்கிற கெட்டி வகை என்றால் வெடிப்பும் உதிர்வும் இருக்கக் கூடாது. வெளி ஓட்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை, வெடிப்பு இருக்கக் கூடாது. திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, காதுப் பக்கத்துத் துண்டுகள் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

#4 ஸ்காபரோ அப்பா

நன்றி அண்ணா. இப்போதுதான் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தேன். சி.எஸ்.ஏ. ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கிறது. எச்.இ.சி.சி. தேதி முடிந்து மூன்று வருடம் ஆகிறது. நெற்றிப் பக்கத்து ஃபோமை அழுத்தினேன், காய்ந்த பாண் போல இருக்கிறது. விரல் எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நிற்கிறது. வலது காதுத் துண்டைக் காணவில்லை. கேட்டதற்கு, "காது நசிந்தது என்று கழற்றினேன்" என்கிறான் பெறாமகன். பின்னால் ஏதோ பெயின்டால் எண் எழுதி, அதன் மேல் நிறைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான்.

#5 மார்க்கம் ட்ரெய்னர்

அது முடிந்த கதை தம்பி. தேதி தாண்டியதற்காக மட்டும் சொல்லவில்லை. காதுத் துண்டைக் கழற்றிய அன்றே சான்றிதழ் போய்விட்டது. சில பெயின்டும் பசையும் பிளாஸ்டிக்கை மெதுவாகத் தின்னும், கண்ணால் பார்த்தால் தெரியாது. எறிவதற்கு முன் வார்களை வெட்டிவிடுங்கள். குப்பையிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தன் பிள்ளைக்குப் போட்டுவிடக் கூடாது.

வீட்டில் சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் அதையும் நினைக்க வேண்டாம். அது ஒரே ஒரு பெரிய அடிக்குச் செய்தது, நசுங்கினால் நசுங்கியதுதான். பின்மண்டையும் சரியாக மூடாது. ஐஸில் பிள்ளை ஒரு மணி நேரத்தில் பத்துத் தரம் விழும்.

#6 சென்னை டூ மிசிசாகா

என் கருத்து கொஞ்சம் வேறு. தலை விஷயத்தில் கணக்குப் பார்க்கவே கூடாது சார். பையனுக்கு நேராக 320 டாலர் ஹெல்மெட்தான் வாங்கினேன். வர்ஜினியா டெக் பல்கலைக்கழகம் ஹாக்கி ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது, பார்த்தீர்களா? 2015-ல் முதல் பட்டியல் வந்தபோது 32 ஹெல்மெட்டுகளைச் சோதித்தார்கள். ஒன்றுகூட நான்கு நட்சத்திரம் வாங்கவில்லை. ஒரே ஒன்றுக்கு மட்டும் மூன்று கிடைத்தது. அதன் பிறகுதான் கம்பெனிகள் விழித்துக்கொண்டன, இப்போது ஐந்து நட்சத்திரம் வாங்கியவையும் உண்டு. பட்டியலில் மேலே இருப்பதை வாங்குங்கள், குழந்தைக்குப் பாதுகாப்பு.

#7 நிலாவின் அம்மா

அண்ணா, அந்தப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல வேலைதான், நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் விலையும் நட்சத்திரமும் ஒன்றாக ஏறவில்லையே. விலை குறைந்தது நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும், விலை கூடியது கீழே இருக்கும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். மூத்தவனுக்கு ஒரு கடையில் 280 டாலருக்கு வாங்கினோம். விற்றவர் "இரண்டு வருடத்துக்குப் போதும்" என்று ஒரு சைஸ் கூடத் தந்தார். தீபாவளிச் சட்டையே வளருவான் என்று பெரிதாக எடுக்கிற ஆட்கள் நாங்கள், அது எங்களுக்கும் சரியாகப் பட்டது. மூன்றாவது மேட்சில் மூலையில் பக்கை (அடித்து ஆடுகிற ரப்பர் வட்டு) எடுக்கப் போனவன் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையில் மோதி விழுந்தான். பெரிய மோதல்கூட இல்லை. ஹெல்மெட் அவன் தலையோடு திரும்பவில்லை, தனியாகச் சுழன்றது. கேஜின் கீழ்க் கம்பி தாடையைக் கிழித்து ஐந்து தையல். எழுந்து நின்றபோது அவனுடைய ஒரு கண் கேஜுக்குள் இருந்தது, மற்றக் கண்ணை ஹெல்மெட்டின் ஓரம் மறைத்திருந்தது. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான். என் பிள்ளையின் தலைக்கு அது ஹெல்மெட் இல்லை, அவ்வளவுதான்.

#8 நர்ஸ் அக்கா

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஹாக்கிப் பிள்ளைகள் வராத நாள் இல்லை. நட்சத்திரம் பற்றிய பேச்சில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கிறது. அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. மண்டை உடைந்து வருகிற ஹாக்கிப் பிள்ளைகளை நாங்கள் மிக அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். ஆனால் கன்கஷன், அதாவது மூளை அதிர்ந்து வருகிற காயம், வேறு. ஊரில் தயிர்ச் சட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்ததை நினைத்துப் பாருங்கள். சட்டியில் ஒரு கீறல் இருக்காது, உள்ளே தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். தலை சட்டென்று திரும்பினால் மூளைக்கும் அப்படித்தான். நேராக விழும் அடியைவிட, தலையைத் திருப்பிவிடும் அடி மோசம். எந்த விலை ஹெல்மெட்டும் கன்கஷன் வராது என்று உறுதி தர முடியாது. வர்ஜினியா டெக் சோதனை இந்தச் சுழற்சியையும் அளக்கிறது, அதனால்தான் எனக்கும் அதன் மேல் மதிப்பு. ஆனால் அங்கே ஹெல்மெட்டை ஆய்வகத் தலையில் சரியாகப் பொருத்திவிட்டுத்தான் அடிக்கிறார்கள். தளர்ந்த ஹெல்மெட்டுக்கு யாரும் ஐந்து நட்சத்திரம் தரவில்லை.

ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் இருக்கிறது. ஒட்டாவாப் பக்கம் ரக்பி ஆடிய ரோவன் ஸ்டிரிங்கர் என்கிற 17 வயதுப் பிள்ளை, முதல் கன்கஷன் ஆறுவதற்கு முன் திரும்ப அடிபட்டு 2013-ல் இறந்துபோனாள். அதன் பிறகு 2018-ல் வந்த சட்டம். அணியில் சேர்க்கும்போது கன்கஷன் பற்றிய ஒரு கையேட்டை வாசித்தேன் என்று உங்களிடம் உறுதி கேட்டிருப்பார்கள். தயவுசெய்து உண்மையாகவே வாசியுங்கள், மகளோடு இருந்து வாசியுங்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, "எனக்கு ஏதோ பனிமூட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்வது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் போதும்.

#9 சென்னை டூ மிசிசாகா

நீங்கள் சொல்வது புரிகிறது மேடம். விலையைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். நேற்று இரவு பையனுக்கு ஹெல்மெட்டைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. ட்ரெய்னர் சார், வீட்டிலேயே சரி பார்ப்பது எப்படி என்று விவரமாக எழுத முடியுமா?

#10 மார்க்கம் ட்ரெய்னர்

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் தலையைக் கடைக்குக் கொண்டு போங்கள். இணையத்தில் வாங்கி "சரியாக இருக்கும்" என்று பார்சலைத் திறக்கிற பொருள் இது இல்லை. தையல் நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்னந்தலை புடைக்கிற இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். வருகிற சென்டிமீட்டரை அந்தந்தக் கம்பெனியின் பெட்டியில் இருக்கும் அட்டவணையோடு பாருங்கள். பாவர் மீடியமும் சி.சி.எம். மீடியமும் ஒன்றல்ல. இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சின்னதில் தொடங்குங்கள்.

சுற்றளவு ஒன்றே போதாது, தலையின் வடிவம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு நீள்தலை, சில பிள்ளைகளுக்கு உருண்டை. மேலேயிருந்து பார்த்தால் தெரியும். நீள்தலையில் உருண்டை ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் இறுக்கும், காதுப் பக்கம் இரண்டு விரல் போகும் அளவுக்கு இடைவெளி விடும். பக்கத்தில் இடைவெளி, முன்னால் வலி என்றால் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டு மூன்று கம்பெனி போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

போடும் முறை இதுதான். ஹெல்மெட்டை அதன் மிகப் பெரிய அளவுக்குத் திறந்து வையுங்கள். இப்போது வருகிறவற்றில் பக்கத்தில் கிளிப் இருக்கும். பாவர் 4500 போன்ற பழைய வடிவங்களில் பக்கத்துத் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். தலையில் வைத்து, நேராக நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். உச்சந்தலை மேல் ஃபோமைத் தொட வேண்டும். முன் ஓரம் புருவத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே நிற்க வேண்டும். பல அப்பாமார் விடும் பிழை இங்கேதான். பிள்ளை "கண்ணை மறைக்குது" என்று சொன்னதும் பின்னால் சாய்த்துவிடுகிறார்கள். நெற்றி முழுக்க வெளியே வந்துவிடும்.

இனி சோதனை. தாடை வாரைப் பூட்ட வேண்டாம். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். பிள்ளையின் நெற்றித் தோலைப் பாருங்கள், ஹெல்மெட்டை அல்ல. தோலும் புருவமும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர்ந்தால் சரி. தோல் அப்படியே நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. பிறகு பிள்ளையைக் குனிந்து தலையை ஆட்டச் சொல்லுங்கள். வார் பூட்டாமலே ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கக் கூடாது. அப்படியே பத்து நிமிடம் கடைக்குள் நடக்க விடுங்கள். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். மெல்லிய சிவப்பு சுற்றிவர ஒரே சீராக இருந்தால் நல்லது. ஒரே ஒரு புள்ளியில் காசு அளவுக்குச் சிவந்திருந்தால் அந்த இடம்தான் நாளைக்குத் தலைவலி தரும்.

கேஜ் கடைசியில். கேஜின் சைஸும் ஹெல்மெட்டின் சைஸும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அதனால் முதல் தரம் வாங்குகிறவர்களுக்குச் சேர்ந்தே வருகிற காம்போ நல்லது. தாடை கேஜின் கிண்ணத்தில் சும்மா உட்கார வேண்டும். கேஜைத் தள்ளினால் அது முகத்தைத் தொடக் கூடாது, வாயைத் திறந்து மூடக் கஷ்டமும் இருக்கக் கூடாது. பக்க வார்களைப் பூட்டி, கேஜைப் பிடித்து மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். தாடை வார் தாடைக்கடியில் மெல்லத் தொட வேண்டும், ஒரு விரல் நுழைகிற இடம் போதும். டி.வி.யில் பெரிய ஆட்டக்காரர்கள் வாரைத் தொங்கவிட்டு ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அதையே கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

#11 ஓக்வில் ரவி

டி.வி.யில் வரும் பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி வந்ததால், அவர்கள் ஆடும் என்.எச்.எல். லீக் பற்றி ஒன்று. ஹெல்மெட் இல்லாமல் ஆடிய பில் மாஸ்டர்டன் என்கிற ஆட்டக்காரர் 1968 ஜனவரியில் ஐஸில் தலை அடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். அதற்குப் பிறகும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1979 வரை பிடித்தது. அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும். பழையவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு ஆடலாம். அப்படிக் கடைசியாக ஆடிய கிரேக் மக்டாவிஷ் 1997-ல்தான் ஓய்வுபெற்றார். என் பதினாலு வயது மகனிடம் இதைச் சொன்னேன், வாரைப் பூட்டிவிட்டுத்தான் போகிறான் இப்போது.

#12 நிலாவின் அம்மா

ட்ரெய்னர் அண்ணா எழுதாத ஒன்று, பெண்பிள்ளைகளின் தலைமுடி.

எங்கள் பிள்ளைகளுக்கு முடி அடர்த்தி, நீளமும் கூட. கடைக்குப் போகிற அன்று ஆட்டத்துக்குக் கட்டுவது போலவே கட்டிக்கொண்டு போங்கள். உச்சியில் கொண்டை, உயரத்தில் குதிரைவால் இரண்டும் கூடாது. ஹெல்மெட்டைத் தூக்கிவிடும், உச்சந்தலை ஃபோமைத் தொடாது. நான் நிலாவுக்குக் கழுத்தோடு ஒட்டிய ஒற்றைப் பின்னல், இல்லாவிட்டால் காதுக்குப் பின்னால் தாழ்வாக இரட்டைப் பின்னல் போட்டுவிடுவேன். பெரிய கிளிப், கல் வைத்த ஹேர்பின் எதுவும் வேண்டாம். ஆட்ட நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். அம்மம்மா கோபிப்பார், ஆனால் எண்ணெய்த் தலையில் ஹெல்மெட் நிற்காது. ஆட்டம் முடிந்து வந்து இரவில் தாராளமாக வைக்கலாம்.

#13 கோலி அப்பா

மகள் பிறகு கோலி (கோல் காப்பவர்) ஆக ஆசைப்பட்டால் இந்த ஹெல்மெட் உதவாது, கோலி மாஸ்க் தனி. அகலக் கண் திறப்புள்ள கேட்-ஐ கேஜ் அழகாக இருக்கும், பிள்ளைகள் ஆட்டத்தில் அனுமதி இல்லை. கம்புமுனை உள்ளே போய்விடும்.

#14 ஸ்காபரோ அப்பா

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்று மாலை போய் வாங்கிவிட்டோம்.

மனைவி வீட்டிலேயே தாழ்வாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். கடையில் இருந்த இளைஞர் பொறுமையானவர். அளந்ததில் 53 சென்டிமீட்டர். முதலில் மகளுக்குப் பிடித்த ஊதா நிறம். போட்டதும் நெற்றி இறுக்கம், காதுப் பக்கம் என் விரல் இரண்டும் போனது. நீங்கள் சொன்ன நீள்தலை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் திருப்பியபோது நெற்றித் தோல் நகரவில்லை. மூன்றாவதைப் போட்டுக் கிளிப்பைப் பூட்டியதும் அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்னைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றாள். நான் திருப்பினேன், புருவம் இரண்டும் கூடவே போயின. சாதாரண வெள்ளை நிறம், கேஜோடு 115 டாலர். பத்து நிமிடம் போட்டபடி ஸ்கேட் இருக்கும் பகுதியெல்லாம் சுற்றினாள், கழற்றியபோது சிவப்புச் சீராக இருந்தது.

அண்ணாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பழைய ஹெல்மெட்டின் வார்களை அவரே கத்தரிக்கோலால் வெட்டினார். ஊதா நிறம்தான் பாக்கி. ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று கேட்கிறாள்.

ஒரு சந்தேகம். கழுத்துக் காப்பைப் போட்டதும் கேஜின் கிண்ணம் அதில் இடிக்கிறது. கீழே பார்க்கும்போது ஹெல்மெட் கொஞ்சம் மேலே தள்ளப்படுகிறது. பெரிதாகக் கவலைப்பட வேண்டுமா?

#15 மார்க்கம் ட்ரெய்னர்

வாசிக்கவே சந்தோஷமாக இருந்தது தம்பி. ஸ்டிக்கர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஊதா நிறத்தில் ஸ்கேட் லேஸ் விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள்.

கழுத்துக் காப்பு கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் தீர்வு சுலபம். நெஞ்சுவரை வருகிற தடித்த வகையை வாங்கியிருப்பீர்கள். கழுத்தைச் சுற்றி மட்டும் வருகிற மெல்லியது இருக்கிறது. பி.என்.கியூ. என்கிற கியூபெக் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அதை மாற்றி எடுங்கள். தோள் பேட், கழுத்துக் காப்பு, ஹெல்மெட் எல்லாவற்றையும் போட்டபடி அவளைக் கீழே, மேலே, பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கும் இடிக்கக் கூடாது.

இன்னுமொன்று. புது வார்கள் முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் நீளும். அப்போது திரும்ப ஒரு விரல் அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஹாக்கிப் பையின் பக்கப் பாக்கெட்டில் ஒரு பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் வையுங்கள். கேஜின் மேலே நெற்றியில் இருக்கும் இரண்டு திருகாணியும் ஆட ஆடக் கழன்று வரும், ஒவ்வொரு மேட்சுக்கும் முன் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பைக்குள் அடைக்காமல் வீட்டில் வெளியே எடுத்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம், காரின் டிக்கியிலும் விட வேண்டாம்.

#16 ஸ்காபரோ அப்பா

கழுத்துக் காப்பை இன்றைக்கே மாற்றிவிட்டோம் அண்ணா. இப்போது இடிக்கவில்லை. ஊதா லேஸும் வாங்கியாயிற்று. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் பயிற்சி.